‘ஏய், இந்தாம்மா!’

பள்ளிக்கூடம் திறந்து முதல் கிழமை. வெள்ளிக்கிழமை காலமை ஏழு மணி. நான் குசினியில் மகனின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பாணை வெட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து கதிரையில் இருந்தா. கையில் போன்.

“பிள்ளை, குணசேகரன் செத்துப்போச்சுதாம்.”

எங்கட சொந்தத்தில் அந்தப் பேரில் ஒருத்தர் இருக்கிறார். போன வருசம்தான் பைபாஸ் செய்தவர். கத்தியை வைத்துவிட்டு, “ஐயோ, எப்ப அம்மா? மாமிக்கு ஆர் துணை?” என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“எங்கட குணசேகரன் இல்லையடி. எதிர்நீச்சல் குணசேகரன்.”

அன்றைக்குத் திகதி 2023 செப்டெம்பர் 8. சென்னையில் விடிய சீரியலுக்கு டப்பிங் பேசப்போன நடிகர் மாரிமுத்து, இங்கே லண்டனில் நாங்கள் நித்திரையாக இருந்த நேரத்தில் இறந்துவிட்டார். சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தா. மகன் சப்பாத்தைப் போட்டபடி கேட்டான்: “அவர் கெட்ட ஆள்தானே? அம்மம்மா ஏன் அழுறா?”

அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “நேரம் போட்டுது, வா” என்று இழுத்துக்கொண்டு போனேன். இந்த மாதம் அவருடைய நினைவு நாள் வருவதால், விட்ட இடத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

எதிர்நீச்சல் பார்க்காத வீடுகளுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். சன் டிவியில் 2022 பெப்ரவரி 7இல் தொடங்கிய தொடர். இயக்கியவர் திருச்செல்வம். ‘கோலங்கள்’ எடுத்தவர், அதில் தொல்காப்பியனாக வந்தவர் என்றால் உங்கட அம்மாமாருக்கு உடனே விளங்கும். கதை மதுரையில் ஒரு பெரிய வீட்டில் நடக்கிறது. மூத்தவர் ஆதி குணசேகரன், அவருக்கு மூன்று தம்பிமார், ஒரு தங்கை. வீட்டுக்கு வந்த நாலு மருமகளும் திறமை உள்ளவர்கள், நாலு பேரும் அடுப்படியில். மூத்தவ ஈஸ்வரி அவரின் மனைவி. ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி. அப்பத்தாவின் பேரில் இருக்கிற நாற்பது சதவீதச் சொத்துப் பங்கு என்று ஒரு விவகாரம். அதை இங்கே விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் இந்தப் பத்தி முடியாது. எங்கட வீட்டில் என் கணவர் மோர்ட்கேஜ் வட்டி வீதத்தைக் கவனிக்கிற மாதிரி அம்மா அந்த நாற்பது சதவீதத்தைக் கவனித்தா.

இந்திய நேரம் இரவு ஒன்பதரைக்குப் போகிற தொடர். கோடை காலத்தில் எங்களுக்குப் பின்னேரம் ஐந்து மணி, குளிர் காலத்தில் நாலு மணி. அதாவது பிள்ளையள் பள்ளிக்கூடத்தால் வந்து, முகம் கழுவி, ஏதாவது கடித்துக்கொண்டு சோபாவில் விழுகிற நேரம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் அந்த நேரம் பிள்ளையோடு இருப்பது அம்மம்மாவோ அப்பம்மாவோதான். எத்தனை லண்டன் பிள்ளையள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அதிகமான தமிழை அந்த அரை மணித்தியாலத்தில் படித்தார்கள் என்று ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை. அதுவும் மதுரைத் தமிழ். எங்கட மகன் ஒருநாள் “என்னத்தா சாப்பாடு?” என்று கேட்டபோது யாழ்ப்பாணத்தாரான என் மாமியாருக்கு மயக்கம் வராத குறை.

மாரிமுத்துவின் குணசேகரன் கத்துகிற வில்லன் இல்லை. கத்துவார்தான், ஆனால் பயம் அங்கே இல்லை. சாய்ந்து இருந்து, பாதிச் சிரிப்போடு, ஒரு பெண் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள் “ஏய், இந்தாம்மா!” என்று நிறுத்துவார். அவ்வளவுதான். அந்தப் பெண் நின்றுவிடுவா. பார்க்கிற எங்களுக்கும் வயிற்றில் ஏதோ செய்யும். அந்த இரண்டு சொல் ஊர் முழுக்க மீம் ஆனது. ரிக்ஷாக்காரரிலிருந்து அரசியல்வாதி வரைக்கும் அந்த முகத்தை ஒட்டிப் படம் போட்டார்கள். எங்களுக்கும் ஒரு நாளைக்கு ஐந்து வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். மகனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்து, “டிவியை நிப்பாட்டிப் போட்டு வீட்டுப்பாடம் செய்” என்று சொல்லத் தொடங்கினேன். அவன் சோபாவில் சாய்ந்து, கையை நீட்டி, “ஏய், இந்தாம்மா!” என்றான். அச்சு அசல். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். நாற்பது பேர் சிரித்தார்கள்.

இரண்டு கிழமை போனது. நானும் கணவரும் சின்ன வாக்குவாதம், பள்ளிக்கூட விடுமுறைக்கு ஆர் லீவு எடுக்கிறது என்று. நான் கதைத்துக்கொண்டிருக்க, மகன் நடுவில் வந்து அப்பாவின் பக்கம் நின்று அதே சொல்லை எனக்குச் சொன்னான். விளையாட்டாகத்தான். ஆனால் எப்போது சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண் கதைக்கும்போது, அவவை நிறுத்துவதற்கு. இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன், இனி அவன் இருக்கிற நேரத்தில் அந்த நாடகம் வேண்டாம் என்று. அம்மா சண்டை பிடிப்பா என்று நினைத்தேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டு பிள்ளை. ஆனா அவன் அதைப் பார்த்துப் பழகேல்லை. அதுக்கு முந்தியே இந்த வீட்டில பார்த்திருக்கிறான், உனக்குத்தான் தெரியேல்லை” என்றா.

எனக்குக் கோபம் வந்தது. என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார். பிறகு ஒரு கிழமை எண்ணிப் பார்த்தேன். நான் கதைக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட வசனங்கள் எத்தனை என்று. எண்ணிக்கையை இங்கே எழுதமாட்டேன், அவரும் இந்தப் பத்தியை வாசிக்கிறவர். அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. பிறகு அவரும் எண்ணினார்.

அம்மா ஏன் அந்த நாடகத்தை ஒரு நாளும் விடாமல் பார்த்தா என்பதும் அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. அப்பா காலமாகிக் கன வருசம். அவர் குணசேகரன் மாதிரி ஆள் இல்லை. மரியாதையான மனுசன், இரண்டு வேலை செய்து எங்களைப் படிப்பித்தவர். ஆனால் அம்மா இந்த நாட்டுக்கு வந்து எண்பதுகளின் கடைசியில் கார் ஓடப் பழக ஆசைப்பட்டபோது, “உமக்கு ஏனப்பா, நான் கூட்டிக்கொண்டு போறன்தானே” என்று சொன்னார். அன்பாகத்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது. அம்மா இதுவரைக்கும் பஸ்ஸில்தான் போறா. நந்தினி சமையலைத் தொழிலாகச் செய்ய ஆசைப்படுகிறாள், வீட்டில் நக்கல் அடிக்கிறார்கள் என்கிற காட்சிகளில் அம்மா முன்னுக்கு நகர்ந்து இருப்பா. குணசேகரனை “நாசமாப் போவான்” என்று திட்டுவா. அப்பாவை அவ ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அந்தத் தொடரின் வசனங்களை எழுதியவர் ஸ்ரீவித்யா என்று ஒரு பெண். இதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அப்படியான ஆம்பிளையள் எந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று, நிறையக் கேட்ட ஒருத்தரால்தான் எழுத முடியும். ஆனால் எழுதியதைச் சொல்ல ஒரு வாய் வேண்டுமே. வேறொருவர் அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டாம் மாதமே சானலை மாற்றியிருப்போம்.

அந்த வாய் எங்கிருந்து வந்தது? தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி என்ற கிராமம். 1990இல் சினிமா இயக்குநர் ஆகவேண்டும் என்று சென்னைக்கு வந்தவர். ஹோட்டலில் சர்வராக வேலை செய்தார். இலக்கிய ஈடுபாட்டால் வைரமுத்துவின் பழக்கம் கிடைத்தது. ராஜ்கிரணிடம் ‘அரண்மனைக் கிளி’, ‘எல்லாமே என் ராசாதான்’ படங்களில் உதவி இயக்குநர். பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் வேலை. 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’. இயக்கியது இந்த இரண்டு படங்கள்தான். ‘யுத்தம் செய்’ படத்தில் மிஷ்கின் அவரை நடிக்க வைத்தார். அதற்குப் பிறகு தமிழ்ப் படங்களில் பொலிஸ்காரர், அப்பா, பெரியப்பா என்று எங்கேயாவது ஒரு மூலையில் அந்த மீசை தெரியும். பெயர் தெரியாது. அம்மாவின் பாஷையில், “அந்த ஆள்”.

முப்பது வருசத்துக்கு மேலாகச் சினிமாவில் இருந்தவரை, ஒவ்வொரு வீட்டிலும் தெரிய வைத்தது ஒன்றரை வருசச் சீரியல். சீரியல் என்றால் நாங்கள் ஒரு மாதிரிச் சிரிக்கிறோம், நானும்தான். ஆனால் சினிமாவில் வருசத்துக்கு மூன்று நிமிடம் பார்க்கிற ஒருவரை இங்கே கிழமைக்கு ஆறு நாள் பார்க்கிறோம். எங்கட பெரியண்ணாவை நாங்கள் அவ்வளவு பார்க்கிறதில்லை.

நீங்கள் அவருடைய ஒரே ஒரு படத்தைப் பார்ப்பதென்றால் ‘பரியேறும் பெருமாள்’ பாருங்கள். மாரி செல்வராஜின் முதல் படம், 2018. அதில் ஜோவின் அப்பா அவர்தான். மகளோடு பழகுகிற பையனை, தன் சொந்தக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்து, கெஞ்சியும் அழுதும் விலக்கப் பார்க்கிற மனுசன். கெட்டவர் இல்லை. ஆனால் நல்லவராக இருக்கவும் துணிச்சல் இல்லாதவர். கடைசியில் பரியனுக்கு எதிரில் நின்று கதைக்கிற இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். சோபாவில் சாய்ந்து “இந்தாம்மா” சொன்ன அதே முகம்தான், ஆனால் நிமிர்ந்து பார்க்க வழியில்லாமல் நிற்கும். அந்தப் படம் சின்னப் பிள்ளையளுக்கு இல்லை, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையோடு இருந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு, “அந்த அப்பா என்ன செய்திருக்கலாம்?” என்று கேளுங்கள். எங்கட வீடுகளில் சாதியைப் பற்றிக் கதைக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மூத்தவளோடு நான் பார்த்தேன். அவள் சொன்ன பதில் அவளுடையது, அதை விடுவம்.

சனிக்கிழமை, அதாவது அடுத்த நாள், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையளை விட்டுவிட்டுத் தமிழ்க் கடைக்குப் போனேன். காசு கட்டுகிற வரிசையில் ஐந்து பெண்கள், எல்லாரும் அதைத்தான் கதைக்கிறார்கள். ஒரு அக்கா சொன்னா, “அந்த மனுசனை எத்தினை நாள் நான் தூசணத்தால திட்டியிருப்பன். இப்ப மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு.” இன்னொருவர், “நாவூறுதான். ஜெயிலரிலயும் வந்தவர் எல்லே, போன மாசம்தானே படம் வந்தது.” முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டிருந்த கடைக்கார அண்ணா, “இனி அந்த வீட்டில ஆர் கதைக்கப்போகினம்? எல்லாரும் அடக்கி வச்சதைக் கொட்டப்போகினம்” என்றார். ரஜினி இரங்கல் சொன்னது, கூட நடித்த பிள்ளையள் அழுதது, உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனது எல்லாம் ஒவ்வொருத்தரின் போனிலும் இருந்தது. ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு நின்றார்கள். செத்த வீட்டுக்குப் போக முடியாதவர்கள் கூடி நிற்கிற மாதிரித்தான் இருந்தது. நாங்கள் அதுக்குப் பழக்கப்பட்டவர்கள்தானே.

வேறொரு மாதிரியும் வந்தது. இறப்பதற்குக் கொஞ்ச நாள் முந்தி, ஜீ தமிழின் ‘தமிழா தமிழா’ விவாத நிகழ்ச்சியில் அவர் சோதிடர்களோடு மோதியிருந்தார். சாத்திரத்தை நம்பாதேங்கோ என்று அடித்துச் சொன்னவர். அப்போது அம்மாவுக்கு அவரில் சரியான கோபம். எங்கட வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதகம் எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறவ அவ. இப்போது, “சாத்திரத்தைப் பழித்தார், போய்ச் சேர்ந்தார்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் அனுப்பினார். அம்மா குரல் செய்தி அனுப்பினா. நானே கேட்டுத் திடுக்கிட்டேன்: “செத்த மனுசனுக்குப் பிள்ளை குட்டி இருக்கு. அதுகள் இதை வாசிச்சா என்ன நினைக்கும்? வெட்கமில்லையே உங்களுக்கு?” அனுப்பியவர் வயதில் அம்மாவுக்கு மூத்தவர், ஆம்பிளை. அவர் ஏதோ எழுதத் தொடங்கினார், பிறகு ஒன்றும் வரவில்லை.

இனி நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம். அன்று காலை டப்பிங் நடந்துகொண்டிருந்தது. தம்பி ஞானமாக நடிக்கிற கமலேஷும் அங்கே இருந்தார். மாரிமுத்துவுக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்திருக்கிறது. வெளியே வந்தவர், தன் காரை எடுத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போயிருக்கிறார். அங்கே காப்பாற்ற முடியவில்லை. மாரடைப்பு.

தானே கார் ஓடிப் போனார் என்று வாசித்தபோது எனக்கு என் கணவர்தான் ஞாபகம் வந்தார். எங்கட ஆம்பிளையள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். நெஞ்சு இறுகினால் வாய்வு என்பார்கள், இஞ்சித் தேத்தண்ணி கேட்பார்கள், மிஞ்சினால் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார்கள். அம்புலன்ஸைக் கூப்பிட்டால் அயலட்டை பார்க்கும் என்று ஒரு கூச்சம். தெற்காசிய வழிவந்தவர்களுக்கு இதய நோய் இங்கே மற்றவர்களைவிடக் கூட வருகிறது, அதுவும் வயது குறைவாக. நெஞ்சு இறுக்கம், கை, தாடை, முதுகு பக்கம் பரவுகிற நோவு, மூச்சு முட்டு, குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கு நோவு பெரிதாக இல்லாமல் களைப்பும் ஓங்காளமுமாகவும் வரலாம். காரை எடுக்காதேங்கோ. 999. வந்து பார்த்துவிட்டு வாய்வுதான் என்று சொன்னால் சொல்லட்டும்.

இங்கிலாந்தில் 40 வயதிலிருந்து 74 வரைக்கும், ஏற்கெனவே இதய நோயோ நீரிழிவோ இல்லாதவர்களை, ஐந்து வருசத்துக்கு ஒருக்கா என்எச்எஸ் ஒரு பொதுப் பரிசோதனைக்குக் கூப்பிடும். இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், இடுப்பளவு. இலவசம், அரை மணித்தியாலம்கூட ஆகாது. எங்கட வீட்டுக்கும் கடிதம் வந்திருந்தது. குசினி லாச்சிக்குள், பீட்சா விளம்பரங்களுக்குக் கீழே, பதினொரு மாதமாக. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். அவர், “இஞ்சேரும், இந்த மாசம் வேலை...” என்று இடையில் வந்தார். நான் நிறுத்தவில்லை. முழுக்கச் சொல்லி முடித்தேன். மகன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

போனார். பிரசர் கூட. இப்போது ஒரு சின்னக் குளிசை ஒவ்வொரு நாளும் போடுகிறார், உப்பைக் குறைத்துவிட்டோம். கருவாட்டுக் குழம்பு மாதத்துக்கு ஒருக்கா. அதற்காக மாரிமுத்துவில் அவருக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்கிறது.

நாடகம் நிற்கவில்லை. எடுத்து வைத்த காட்சிகள் முடிந்ததும், கதையில் குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகக் காட்டினார்கள். ஆள் இல்லாத கதிரையைச் சுற்றி எல்லாரும் அவரைப் பற்றியே கதைத்தார்கள். உண்மையில் செத்துப்போன ஒருவரை, கதையில் வருவார் வருவார் என்று காத்திருக்கிறார்கள். அந்தக் கிழமைகள்தான் பார்க்கக் கஷ்டமாக இருந்தன. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர், ‘மதயானைக் கூட்டம்’ படத்தில் மிரட்டியவர். ஆள் சும்மா வந்து நின்றாலே பயம். தமிழ்ச் சீரியலில் “இவருக்குப் பதில் இவர்” புதிதில்லை. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தபோதும் முல்லை தொடர்ந்தாள். 2024 ஜூனில் எதிர்நீச்சல் முடிந்தது. அந்த வருசக் கடைசியிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி வந்தது.

மகனுக்கு இப்போது பத்து வயது. போன கிழமை அம்மாவிடம் தானே கேட்டான், “அம்மம்மா, அந்த ஆள் செத்தபோது ஏன் அழுதீங்கள்?” நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா.

“அவர் நல்லா நடிச்சவர் ராசா. நான் ஒரு ஆளைத் திட்ட வேணும் எண்டு கனகாலம் இருந்தனான். அவரைத் திட்டினனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை.”

“ஆரைத் திட்டவேணும் எண்டு இருந்தனீங்கள்?”

“நீ போய்க் கையைக் கழுவு. ஐஞ்சு மணியாகுது.”

வேல ராமமூர்த்தி வந்து இவ்வளவு காலம் ஆன பிறகும், அம்மாவுக்கு அவர் “புது ஆள்”தான்.